பாத்திரம் யார் தேய்ப்பார்கள்? – கோயா மலை நாட்குறிப்பு

நாள் 1 – ஜனவரி, சனிக்கிழமை

ஒசாகாவுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. யார் ஊரிலிருந்து வந்தாலும் கியோத்தோ, நாரா என்று சுற்றிக்காட்டி அலுத்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற கோயா மலைக்கு மட்டும் போகவே இல்லை. "குளிர் போகட்டும்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டோம். கடைசியில் நடுக்குளிர்காலத்தில்தான் கிளம்ப வாய்த்தது.

நம்பாவில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். முதலில் மாடிக் குடியிருப்புகள், அப்புறம் வயல்கள், அப்புறம் ஒற்றைத் தண்டவாளமும் சுரங்கங்களும். ரயில் பாதை முடிகிற ஸ்டேஷனின் பெயர் கோக்குராக்குபாஷி. 'சொர்க்கப் பாலம்' என்று அர்த்தம். அங்கே கேபிள் கார் ஏறினால் ஐந்தே நிமிஷத்தில் 330 மீட்டர் மேலே போய்விடலாம். எங்கள் பழநி விஞ்ச் மாதிரிதான். கீழே ஈர மண்ணாக இருந்தது, மேலே கதவு திறந்ததும் எல்லாமே வெள்ளை. சாலையோரப் பலகை மைனஸ் 5 காட்டியது. வீட்டுக்காரர் அதைப் படமெடுத்து, ஊரில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அனுப்பினார்.

கோயா மலை என்றதும் உச்சியில் ஒரு கோயில் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எட்டு சிகரங்கள் சுற்றி நிற்க, நடுவில் 800 மீட்டர் உயரத்தில் ஒரு சமவெளி. தாமரை இதழ்களுக்கு நடுவில் பொகுட்டு என்கிறார்கள். அதில் 117 கோயில்கள், பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், தபால் நிலையம் எல்லாம் உண்டு. சாகா என்ற பேரரசர் 816இல் இந்த இடத்தை கூகாய் என்ற துறவிக்குக் கொடுத்தார். 'ஷிங்கோன்' பௌத்தத்தை ஜப்பானில் நிறுவியவர் அவர். ஷிங்கோன் என்றால் 'மெய்ச்சொல்', நம் பேச்சில் மந்திரம். ஊரே அவரைக் கோபோ தாய்ஷி என்கிறது, செல்லமாக 'ஓதாய்ஷி-சான்'.

ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களில் தங்க இடம் தருகிறார்கள். ஷுகுபோ என்று பெயர். எங்கள் அறைக்குத் தாள் ஒட்டிய தள்ளுகதவு, அதற்கப்பால் ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் பனி. நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கொத்தாத்ஸு என்கிற மேஜை. மேஜைக்கடியில் ஹீட்டர், மேலே ரஜாய். அதற்குள் காலை விட்டவர்களை எழுப்புவது கஷ்டம். மண்ணெண்ணெய் வாசனையில் எனக்கு ரேஷன் கடை க்யூ ஞாபகம் வந்தது.

ராத்திரி ஐந்தரைக்கே சாப்பாடு. இறைச்சி, மீன் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் பத்துப் பதினைந்து பதார்த்தங்கள் வைத்தார்கள். அதில் பழுப்பு நிறப் பஞ்சு மாதிரி ஒன்று, கடித்தால் சாறு வாய் நிறையப் பாய்கிறது. அதுதான் கோயா-தோஃபு. ராத்திரி வெளியில் மறந்து வைத்த தோஃபு, அதாவது சோயாப் பன்னீர், உறைந்து, மறுநாள் அதை உருக்கி உண்டு பார்த்ததில் பிறந்தது என்பது கதை. உறையும்போது ஐஸ் படிகங்கள் உள்ளே சல்லடை போட்டுவிடுகின்றன. அந்த ஓட்டைகளில்தான் சாறு ஏறுகிறது. ஊறவைத்த வடைக்குத் தம்பி.

நாள் 2 – ஞாயிறு

காலை ஆறரைக்குப் பூஜை. மூச்சு விட்டால் புகையாகப் போகிறது, கால் விரல்கள் என்னுடையவைதானா என்று தெரியவில்லை. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, நான் ஓதலைக் கேட்கவில்லை, ஹீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஓக்குனோயின். இச்சினோஹாஷி பாலத்தில் தொடங்கி, கூகாயின் சமாதி வரை 2 கிலோமீட்டர் பாதை. இரண்டு பக்கமும் சிடார் மரங்கள், சில பல நூறு வயதானவை. மரங்களுக்கிடையில் கல்லறைகள், 2 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்த பிரபுக்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒதா நொபுநாகா இருக்கிறார், அவரைக் காட்டிக்கொடுத்துச் சாகவைத்த அகெச்சி மித்சுஹிதேயும் இருக்கிறார். பெரும்பாலான கல்லறைகளுக்கு ஒரே வடிவம்: கீழே சதுரம், அதன்மேல் உருண்டை, பிரமிடு, பிறை, உச்சியில் ஒரு மொட்டு. பனி ஒவ்வொன்றுக்கும் தொப்பி வைத்திருந்தது.

நடுப்பாலம் தாண்டியதும் ஒரு சின்னக் கிணறு. எட்டிப் பார்த்து முகம் தெரியாவிட்டால் மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். எட்டிப் பார்த்தேன். மூச்சு ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றால், "வா, குளிருது" என்று வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்து வருவது ககுபான் படிகள். நாலாவது படியில் கால் வழுக்கி, முட்டி தேய உட்கார்ந்தேன்.

பின்னால் வெள்ளை யாத்திரை உடுப்பில் கைத்தடியோடு வந்த பாட்டி என்னைத் தூக்கிவிட்டார். தூக்கிவிட்டு, ரொம்பச் சந்தோஷமாக ஒரு தகவல் சொன்னார்: இந்தப் படியில் விழுந்தாலும் மூன்று வருஷம்தான். மொத்தம் 43 படி. ஜப்பானியத்தில் 42 'ஷி-னி', சாவு என்று ஒலிக்கும், அதைத் தாண்டட்டும் என்று ஒரு படி கூட. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிச் சொன்னார், "கவலைப்படாதே, நான் விழுந்து பதினோரு வருஷம் ஆகுது."

கடைசிப் பாலத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றவேண்டும், போனை உள்ளே வைத்துவிட வேண்டும். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. சமையல்கூடத்திலிருந்து மூன்று துறவிகள் வந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் இருவர் ஒரு வெள்ளை மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு. பக்கத்தில் சின்ன மாடத்தில் இருக்கும் 'ருசி பார்க்கும்' ஜிசோ என்ற போதிசத்துவரிடம் நின்று ஓதினார்கள், அப்புறம் பாலத்தைத் தாண்டினார்கள். பனியில் மூன்று ஜோடிக் காலடி.

பெட்டிக்குள் கூகாய்க்குச் சாப்பாடு. அவர் 835இல் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது இங்கே நம்பிக்கை. அதனால் தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் உணவு போகிறது. சமாதிக்குள் போக 'யுய்னா' என்ற பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும்தான் அனுமதி. உள்ளே என்ன பார்த்தார் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை.

முட்டி வீங்கிவிட்டது. மத்தியான கேபிள் காரில் இறங்கிவிட்டோம்.

நாள் 3 – மே, நடுவில் ஒரு வியாழன்

அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. டவர், ஷாப்பிங் மால் எதிலும் அவர்கள் மனம் ஒட்டவில்லை. "கோயில் குளம் ஒண்ணும் இல்லியா இந்த ஊர்ல?" என்றார்கள். சரி, கிளம்பு.

மே மாதத் தொடக்கத்தில் இங்கே 'கெச்சியென் கான்ஜோ' என்ற தீட்சைச் சடங்கு மூன்று நாள் நடக்கும். கண்ணைக் கட்டிவிடுவார்கள், மண்டலப் படத்தின் மேல் இலையைப் போடவேண்டும், எந்தப் புத்தர்மேல் விழுகிறதோ அவரோடு நமக்குத் தொடர்பு. விடுமுறைக் கூட்டத்துக்குப் பயந்து அது முடிந்தபிறகுதான் போனோம். ஊர் காலியாக இருந்தது. செர்ரி ஏப்ரல் கடைசியோடு முடிந்துவிட்டது, ரோடோடென்ட்ரான் செடிகள் இளஞ்சிவப்பில் பூத்திருந்தன. ஜனவரியில் கறுப்பாக நின்ற மலை, இப்போது பச்சையில் இருபது விதம்.

கேபிள் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் பஸ்ஸில்தான் போகவேண்டும், அந்தச் சாலையில் நடக்க விடமாட்டார்கள். பஸ் முதலில் நிற்கும் இடம் 'நியோனின்-தோ', பெண்கள் மண்டபம். மலைக்குள் நுழைய ஏழு வாசல்கள், ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு மண்டபம் இருந்தது. மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பெண்கள் அதுவரைதான் வரலாம், உள்ளே வர அனுமதி இல்லை. சிகரங்களின் மேலேயே வட்டமாகச் சுற்றி, தூரத்திலிருந்து கோயில் கூரைகளைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்புவார்கள். அரசாங்கம் 1872இல் தடையை நீக்கியது, மலை அதை மனசார ஏற்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

கூகாயின் அம்மாவும் அப்படித்தான் என்றேன். மகனைப் பார்க்க வயதான காலத்தில் வந்தவர், மலையடிவாரத்தில் ஜிசோனின் என்ற கோயிலிலேயே தங்கிவிட்டார். மகன்தான் மாதம் ஒன்பது முறை இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவாராம். அதனால் அந்த ஊருக்கே குதோயாமா, 'ஒன்பது முறை மலை' என்று பெயர்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பெத்தவளையே மேல விடலியா? அப்ப நான் வந்தது பெரிய விஷயம்தான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

தான்ஜோ காரான் என்ற வளாகம்தான் கூகாய் முதலில் கட்டத் தொடங்கிய இடம். நடுவில் சிவப்பில் பளபளக்கும் கொன்போன் தாய்தோ கோபுரம், 48.5 மீட்டர். பல முறை எரிந்து, இப்போதிருப்பது 1937இல் எழுப்பியது. உள்ளே நடுவில் மகாவைரோசனர், சுற்றி நான்கு புத்தர்கள், பதினாறு தூண்களிலும் போதிசத்துவர்கள். ஒரு படமாகத் தாளில் பார்க்கவேண்டிய மண்டலத்துக்குள் நாம் நடந்து போகிறோம்.

நான் அத்தையை அழைத்துப் போனது மூலைச் சுவர்களைக் காட்டத்தான். அங்கே ஷிங்கோனின் எட்டு ஆசான்கள் ஓவியமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வஜ்ரபோதி. அவர் பிறந்த இடத்தைச் சீன நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஆனால் காஞ்சிபுரத்துப் பல்லவர் சபையோடு இருந்த தொடர்பு கதையில் வருகிறது. இரண்டாம் நரசிம்மவர்மன் காலம், கைலாசநாதர் கோயில் எழுந்த காலம். காஞ்சியில் மழை பொய்த்தபோது இவரைக் கூப்பிட்டு வேண்டச் சொன்னார்களாம். பிறகு இலங்கை போய், கப்பலேறி, 720 வாக்கில் சீனா சேர்ந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ. 804இல் கப்பலேறிச் சீனா போன கூகாய் ஹுய்குவோவிடம்தான் பாடம் கேட்டார். காஞ்சியிலிருந்து கோயாவுக்கு மூன்றே கைமாற்றம்.

"நம்ம காஞ்சிபுரமா?" என்று அத்தை இரண்டு தடவை கேட்டார்கள். அப்புறம் மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஜப்பானிய ஐயாவும் எதற்கென்று தெரியாமலேயே கைகூப்பினார்.

வெளியே ஒரு பைன் மரத்தடியில் ஏழெட்டுப் பேர், கம்மல் திருகாணி தொலைந்தவர்கள் மாதிரி குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கூகாய் சீனாவிலிருந்து வீசிய வஜ்ராயுதம் வந்து மாட்டிய மரமாம். சாதாரணமாக இரண்டிரண்டு ஊசியாக இருக்கும் இலை இதில் மூன்றாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. எல்லோருக்கும் முன்னால் அவர்கள்தான் எடுத்தார்கள். பர்ஸில், மாரியம்மன் குங்குமப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார்கள்.

தலைமைக் கோயிலான கொங்கோபுஜியில் எல்லோரும் கல் தோட்டத்தைத்தான் பார்ப்பார்கள். வெள்ளை மணலில் 140 கருங்கற்கள், மேகத்துக்குள் இரண்டு டிராகன். அழகுதான். அத்தைக்கு அங்கே ஐந்து நிமிஷம், அடுக்களையில் அரை மணி. மூன்று பெரிய அடுப்புகள், புகையில் கறுத்த உத்தரங்கள். ஒரே நேரத்தில் 2,000 பேருக்குச் சோறு வடித்த இடம். அத்தை அடுப்பின் விளிம்பைத் தடவிப்பார்த்தார்கள்.

நாள் 4 – வெள்ளி

காலைப் பூஜையில் இன்று காது திறந்திருந்தது. முதலில் சீன உச்சரிப்பில் சூத்திரம், ஒரே சுருதியில், தேனீக்கூடு மாதிரி. நடுவில் திடீரென்று வேறு ஒன்று: "ஓன் அபோக்கியா பேய்ரோஷானோ மகாபோதரா மனி ஹன்தோமா ஜின்பரா ஹராபரிதாயா உன்." தாளில் பார்த்தபோதுதான் புரிந்தது: "ஓம் அமோக வைரோசன மஹாமுத்ரா மணி பத்ம ஜ்வால ப்ரவர்த்தய ஹூம்." சீன வாயிலும் ஜப்பானிய வாயிலும் 1,200 வருஷம் உருண்ட கூழாங்கல். அத்தை என்னை இடித்து, "ஓம்னு ஆரம்பிக்குது பாரு" என்றார்கள்.

அதன்பின் 'கோமா'. அக்னி வளர்த்து, குச்சி குச்சியாக ஆகுதி. ஹோமம்தான் கோமாவாகியிருக்கிறது. எள்ளுக்கும் இங்கே கோமா என்றுதான் பெயர், அது வேறு சொல், உச்சரிப்பு ஒன்று. ராத்திரி கொடுத்த கோமா-தோஃபுவில் சோயா கிடையாது. எள்ளை வெண்ணெயாக அரைத்து, குட்ஸு என்ற கொடியின் கிழங்கு மாவோடு கிளறி ஆறவைத்தது. "எள்ளுருண்டைய அல்வாவா கிண்டிட்டான்" என்பது அத்தையின் தீர்ப்பு. வெங்காயம், பூண்டு இல்லை என்றதும் அமாவாசைத் தளிகை போல் ஆசையாகச் சாப்பிட்டார்கள். காரம் இல்லையே என்ற ஒரு குறைதான்.

ஓக்குனோயினில் கல்லறைகளின் ஐந்து அடுக்கைக் காட்டி, கீழிருந்து நிலம், நீர், தீ, காற்று, வானம் என்று சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, சித்தம் என்னும் லிபியில். "கிரந்தம் மாதிரி சுழிச்சிருக்கே" என்றார்கள். சொந்தம்தான், பிராமியின் பிள்ளைகள், கிரந்தம் தெற்கே வளர்ந்தது, இது வடக்கே வளர்ந்து சீனா வழியாக வந்தது. சிதம்பரத்திலிருந்து காளஹஸ்தி வரை ஐந்து ஊர் சுற்றினவர்களுக்கு ஐம்பூதம் ஒரே கல்லில் நிற்பதைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

கிணற்றை எட்டிப் பார்த்து, "தூர் வாரணும்" என்றார்கள். படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விழுந்த கதையை நான் சொல்லவில்லை, அவர்கள் பிள்ளை போனிலேயே சொல்லியிருக்கிறார்.

பத்தரைக்கு மரப்பெட்டி வந்தது. தியானம், உணவு, வெளியே சொல்லாத துறவி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்கள். "ஜீவசமாதின்னு சொல்லேன். இதுக்கு இவ்வளவு சுத்துவானேன்." மைத்ரேய புத்தர் வருகிறவரை காத்திருப்பதாக நம்பிக்கை, அதற்கு 567 கோடி ஆண்டுகள் என்றேன். அது அவர்களை அசைக்கவில்லை. பெட்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நாளைக்கு ரெண்டு வேளையா?"

"ஆமாம் அத்தை. கிட்டத்தட்ட 1,190 வருஷமா."

நான் போனில் பெருக்கிக் காட்டினேன். எட்டரை லட்சம் வேளைக்கு மேல் வந்தது. அத்தை பெருமூச்சு விட்டார்கள்.

"பாத்திரம் யாரு தேய்ப்பா?"

எனக்கு பதில் தெரியவில்லை. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த இளம் துறவியிடம் சாப்பாடு என்ன என்று மட்டும் கேட்டேன். பருவத்துக்கு ஏற்ற காய்கறிகள், சில நாள் பாஸ்தாகூட உண்டு என்றார். பாத்திரத்தைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டிருக்கலாம்.

நாள் 5 – ஆகஸ்ட் 13

ஒசாகாவில் 36 டிகிரி. மேலே வந்ததும் உடம்பு ஒரு பெருமூச்சு விட்டது. ஓபோன் வாரம், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள். இன்றிரவு மெழுகுவர்த்தித் திருவிழா.

மாலைவரை நேரம் இருந்ததால் ஓக்குனோயினின் புதிய பக்கத்தைச் சுற்றினோம். அங்கே கம்பெனிகளின் நினைவுச்சின்னங்கள். வேலை பார்த்து இறந்துபோன ஊழியர்களுக்காக நிறுவனங்கள் வைத்தவை. நிஸ்ஸான், பானாசோனிக் எல்லாம் உண்டு. காப்பிக் கம்பெனி ஒன்று கல்லில் கோப்பை வைத்திருக்கிறது, இன்னொரு கம்பெனி ஆளுயரத்துக்கு மேல் ஒரு ராக்கெட்டே வைத்திருக்கிறது. செத்த பிறகும் ஐடி கார்டைக் கழற்ற விடமாட்டார்கள் போல என்று வீட்டுக்காரர் முனகினார். எனக்குப் பிடித்தது பூச்சிமருந்து அடிப்பவர்களின் சங்கம் வைத்த கல். "கரையான்களே, நிம்மதியாக உறங்குங்கள்." தொழிலுக்காகக் கொன்றவர்களே வைத்தது. சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் கல்லுக்கு முன்னால் யாரோ புதிதாகக் கிளை வைத்திருந்தார்கள்.

கிளை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மலையில் கல்லறைகளில் பூவைக் காட்டிலும் பச்சைக் கிளைகள்தான் அதிகம். கோயாமாகி என்ற மரத்தின் கிளை. பூமரமும் பழமரமும் நட்டு லாபம் பார்க்கக்கூடாது என்று மலையில் ஒருகாலத்தில் தடை இருந்ததாம், அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. நெல்லும் இங்கே விளையாது. அதனால் புத்தாண்டுக்கு மற்ற ஊர்களில் வைக்கோல் பிரி கட்டும் இடத்தில், இங்கே வெள்ளைத் தாளைக் கத்தரித்த படம் ஒட்டுகிறார்கள். ஜனவரியில் எங்கள் விடுதி வாசலில் பார்த்தது அதுதான்.

இருட்டத் தொடங்கியதும் 2 கிலோமீட்டர் பாதையிலும் சுமார் 1 லட்சம் மெழுகுவர்த்தி. ஆளுக்கு ஒன்று வாங்கி, முன்னால் எரிவதிலிருந்து பற்றவைத்து நட்டுக்கொண்டே போகவேண்டும். காற்றில் அணைந்துவிடும், பக்கத்தில் நிற்பவர் எதுவும் சொல்லாமல் குனிந்து ஏற்றிவிடுவார். நான் ஏற்றியது மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை ஒரு சிறுமி தன் விசிறியால் மறைத்துப் பிடித்தாள், அவளுடைய கிமோனோ முனை மெழுகில் நனைந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாள். கூட்டம் அதிகமாகி விளக்கு மண்டபம்வரை போக முடியவில்லை. கடைசி கேபிள் காருக்கு ஓடினோம். பத்தரை மணிப் பெட்டியைப் பார்க்காமல் இறங்கிய முதல் பயணம் இதுதான்.

அன்றிரவே அத்தை போனில் கேட்டார்கள், "சாமிக்கு இன்னைக்கு என்ன சாப்பாடாம்?"

நாள் 6 – நவம்பர், முதல் வாரம்

இந்த முறை தனியாக, நடந்தே ஏறுகிறேன். யோசனை அத்தையுடையது. "அந்தம்மாவால ஏற முடியல. நீயாவது அவ இருந்த எடத்துலேர்ந்து ஏறு." மருமகளை மலையேற்றும் மாமியார் கிடைப்பது அபூர்வம், தட்ட மனசு வரவில்லை.

காலை எட்டு மணிக்குக் குதோயாமாவில் இறங்கினேன். இந்த ஊர் சீமைப் பனிச்சைப் பழத்துக்குப் பேர்போனது. வீட்டு வாசல்களில் பை பையாக வைத்திருக்கிறார்கள், ஆள் கிடையாது, டப்பாவில் 100 யென் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஜிசோனின் கோயிலில் அம்மாவுக்குச் சன்னிதி. முன்னால் தொங்குவது, துணியில் பஞ்சடைத்துத் தைத்த மார்பக வடிவங்கள். சுகப்பிரசவம், தாய்ப்பால், மார்பில் வந்த நோய், இதற்கெல்லாம் வேண்டிக்கொண்டு பெண்கள் கட்டியவை. நம் கோயில்களில் தொட்டில் கட்டுவோமே, அதே கை. பக்கத்திலேயே கோன் என்ற நாய்க்குச் சிலை. இங்கிருந்து மலை உச்சிவரை யாத்ரீகர்களுக்கு வழிகாட்டிப் போய்வந்த வெள்ளை நாய், 2002இல் இறந்தது. கூகாய்க்கும் முதன்முதலில் வழிகாட்டியது ஒரு வேட்டைக்காரரின் நாய்கள்தான் என்பது பழைய கதை.

படியோரத்தில் 180ஆம் எண் கல். இங்கிருந்து ஒவ்வொரு 109 மீட்டருக்கும் ஒன்று, மேலே ஒன்றுவரை எண் குறைந்துகொண்டே போகும். 1265இல் தொடங்கி இருபது வருஷம் செதுக்கி நட்டார்கள். ஒவ்வொன்றும் அதே ஐம்பூதக் கல், ஆளைவிட உயரம்.

முதல் ஒரு மணி நேரம் பழத்தோட்டம் வழியே செங்குத்து ஏற்றம். 150 வருவதற்குள் அத்தைமேல் கொஞ்சம் கோபம் வந்தது. அதற்கப்புறம் பாதை மலை முதுகில் சமமாகப் போகிறது, சிடார் இலைகள் மெத்தை மாதிரி. கரடி அண்டாமலிருக்கப் பையில் கட்டிய மணி மட்டும் சத்தம். நடுவில் மரங்களுக்கப்பால் ஒரு கோல்ஃப் மைதானம், 13ஆம் நூற்றாண்டுக் கல்லுக்குப் பின்னால் பந்தடிக்கும் சத்தம். 60ஆம் கல் பக்கத்தில் யாதாதே என்ற இடம், டீக்கடையில் சுட்ட மோச்சி கிடைத்தது. உள்ளே பூரணம். இரண்டு தின்றேன், இன்னும் ஒன்று கட்டிக்கொண்டேன்.

கடைசி ஏற்றம் மோசம். கையை ஊன்றித்தான் ஏறினேன். திடீரென்று மரங்கள் விலகி, தலைக்கு மேல் சிவப்பாக தாய்மோன், 1705இல் மறுபடி கட்டிய 25 மீட்டர் உயரப் பெருவாசல். மணி நாலு. மேற்கே மலை மலையாக நீலம். ஊரில் மேப்பிள் மரங்கள் உச்சத்தில் இருந்தன, காரானுக்குப் போகும் ஜாபாரா பாதையில் தரையும் சிவப்பு, கூரையும் சிவப்பு. எல்லோரும் படமெடுத்தார்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன்.

நாள் 7 – மறுநாள்

கால் இரண்டும் மரக்கட்டை. ஆறு மணிப் பெட்டியைத் தவறவிட்டேன்.

கிணற்றடியில் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடக் கூட்டம். என் முறை வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். இருட்டு, ஓர் இலை, அப்புறம் மெதுவாக என் நெற்றியும் மூக்கும். இன்னொரு விநாடி பார்ப்பதற்குள் ஒரு பையன் என் கைக்கு அடியில் தலையை நுழைத்து, "எனக்கு ரெண்டு பேர் தெரியறாங்க!" என்று கத்தினான். 43 படிகளையும் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன்.

விளக்கு மண்டபத்துக்குள் இந்த முறை நிதானமாக நின்றேன். ஆயிரக்கணக்கான விளக்குகளுக்கு நடுவில் ஓர் ஏழைப் பெண் தன் கூந்தலை விற்று ஏற்றியது என்று ஒரு விளக்கு, 900 வருஷத்துக்கு மேல் அணையவில்லை என்கிறார்கள். யாராவது தினமும் எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். அவர்கள் பெயர் எங்கேயும் எழுதவில்லை.

பத்தரைக்குப் பெட்டி போனது. மேப்பிள் இலைமேல் மூன்று ஜோடிக் காலடி, கொஞ்சம் சரசரப்பு. கூட்டம் பின்னால் போனது, நான் போகவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே, சமையல்கூடத்தின் பின்புறம் போகும் வேலியோரம் நின்றேன். பெட்டி திரும்பி வந்தது. கதவு சாத்தியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே குழாய் திறக்கும் சத்தம், தண்ணீர், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிண்ணம் அடுக்கும் சத்தம், யாரோ யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தது.

இங்கே படம்தான் எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இருபது விநாடி பதிவு செய்து அத்தைக்கு அனுப்பினேன். பஸ் ஏறும்போது பதில் வந்தது.

"ஸ்டீல் சத்தம் இல்லியே. மரமா?"